ஓர் அம்சத்தின் முப்பதாண்டு வழக்கு

2009 ஜூலையில் ஜெர்மனியின் ஃபிராங்க்ஃபர்ட் நகரில் சி++ நிரல்மொழியின் தரக்குழு கூடியபோது, அடுத்த தரத்தின் வரைவு ஏறக்குறைய முடிந்திருந்தது. அந்த வரைவின் மணிமகுடம் என்று பலரும் சொல்லிவந்த அம்சத்தின் பெயர் 'கான்செப்ட்'. ஆறு ஆண்டு உழைப்பு அதில் இருந்தது. முந்தைய ஆண்டு செப்டம்பரில்தான் சான் பிரான்சிஸ்கோ கூட்டத்தில் வாக்கெடுத்து அதை வரைவுக்குள் ஏற்றியிருந்தார்கள். ஃபிராங்க்ஃபர்ட்டில் குழுவின் முன் மூன்று வழிகள் வைக்கப்பட்டன. இருக்கிறபடியே வைத்துக்கொள்ளலாம், திருத்தி வைத்துக்கொள்ளலாம், மொத்தமாக எடுத்துவிடலாம். குழு எடுத்துவிட்டது.

அந்த அம்சம் வேறொரு வடிவில் மறுபடி உள்ளே வந்து, ஐஎஸ்ஓ வெளியிட்ட தர ஆவணத்தில் இடம்பெற்றது 2020 டிசம்பரில். அதற்கான முதல் ஆசை எழுந்த நாளிலிருந்து கணக்குப் போட்டால் முப்பது ஆண்டுக்கும் மேல். வாரத்துக்கு ஒரு புதுப்பிப்பு இறங்கும் கணினித் துறையில் இப்படி ஒரு நிதானம் எப்படிச் சாத்தியம், யாருக்காக அது என்று கேட்பது நியாயம். 2009 முடிவைப் பலர் தோல்வியாகவே பதிவு செய்திருக்கிறார்கள். அந்தக் குழு தன் பொறுப்பை மிகச் சரியாக உணர்ந்து நடந்துகொண்ட தருணங்களில் ஒன்று அது என்றே நான் நினைக்கிறேன். ஆனால் அந்தப் பொறுப்புக்கு ஒரு விலை உண்டு. அந்த விலையைக் கொடுத்தவர்கள் அந்த அறையில் இருந்தவர்கள் அல்லர்.

சி++ யாருக்கும் சொந்தமானதல்ல. டென்மார்க்கில் பிறந்த பியார்னே ஸ்ட்ரூஸ்ட்ரப் 1979-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் தொடங்கிய வேலை அது. 1983-இல் அந்தப் பெயர் கிடைத்தது. 1980-களின் இறுதிக்குள் பல நிறுவனங்கள் தனித்தனியே அதற்கு கம்பைலர் எழுதி விற்கத் தொடங்கிவிட்டன. நாம் எழுதும் நிரலை இயந்திரம் புரிந்துகொள்ளும் கட்டளைகளாக மாற்றித் தருவது கம்பைலர். ஒரே நிரலை ஆளுக்கொரு விதமாகப் புரிந்துகொள்ளும் கம்பைலர்கள் பெருகினால் மொழி கிளைமொழிகளாக உடைந்துபோகும். அதைத் தடுக்கத்தான் 1989 டிசம்பரில் அமெரிக்கத் தர நிறுவனத்தின் கீழ் ஒரு குழு கூடியது. 1991-இல் அது சர்வதேசக் குழுவாக விரிந்தது. முதல் தரம் 1998-இல் வந்தது. அதன் எண் ஐஎஸ்ஓ 14882. இன்று ஜிசிசி, கிளாங், மைக்ரோசாஃப்ட் ஆகிய மூன்று பெரிய கம்பைலர்களும் வெவ்வேறு கைகளில் வளர்ந்தாலும், ஒரு நிரலுக்கு என்ன பொருள் என்ற சர்ச்சை வந்தால் தீர்ப்பு சொல்வது அந்த ஆவணம்தான்.

அந்த ஆவணத்தில் ஒரு வரி சேர்க்க யார் வேண்டுமானாலும் முன்மொழியலாம். கேட்பதற்குத் தாராளமான ஏற்பாடு. நடைமுறையில் முன்மொழிவை எழுதியவரோ அவர் சார்பில் ஒருவரோ கூட்டத்துக்கு வந்து நின்று பேசாவிட்டால் அது நகராது. பெருந்தொற்றுக்கு முன்பிருந்தே ஆண்டுக்கு இரண்டு அல்லது மூன்று முறை, ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய ஒரு வாரம், உலகின் ஏதாவது ஓர் ஊரில் குழு கூடிவருகிறது. முன்மொழிவு முதலில் அந்தத் துறைக்கான ஆய்வுக் குழுவுக்குப் போகும். ஒரே நேரத்தில் பல பணிகளை ஓட்டுவதற்கு ஒன்று, எண்கணிதத்துக்கு ஒன்று, யூனிகோடுக்கும் எழுத்துகளுக்கும் ஒன்று என்று அவை பல. அங்கே தேறினால் பரிணாமக் குழு. மொழிக்கே உரிய மாற்றமானால் ஒரு குழு, நூலகத்துக்கு உரியதானால் இன்னொரு குழு. இந்த மாற்றம் வேண்டுமா, இந்த வடிவில் வேண்டுமா என்று முடிவு செய்வது இவர்கள். பிறகு சொல்லாக்கக் குழு. அங்கே யோசனை நல்லதா கெட்டதா என்ற பேச்சுக்கு இடமில்லை. ஒவ்வொரு சொல்லும் ஆவணத்தின் மற்ற பகுதிகளோடு முரண்படாமல் நிற்கிறதா என்று வரிவரியாகப் பார்ப்பார்கள். பத்திரப் பதிவுக்கு முன் வில்லங்கம் பார்ப்பது மாதிரியான வேலை. வெளியில் யாரும் இவர்களைப் பாராட்டுவதில்லை. தரம் நம்பத்தக்கதாக இருப்பதற்கு இவர்களுடைய பொறுமை முக்கியக் காரணம்.

கருத்துக்கணிப்பு எடுக்கும் முறையில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. ஆதரவு, எதிர்ப்பு என்று இரண்டோடு முடிவதில்லை. வலுவான ஆதரவு, மிதமான ஆதரவு, நடுநிலை, மிதமான எதிர்ப்பு, வலுவான எதிர்ப்பு என்று ஐந்து தட்டு. ஆதரவுக் கைகள் இரண்டு மடங்கு இருந்தாலும், வலுவான எதிர்ப்பில் நாலைந்து கை உயர்ந்தால் தலைமை வகிப்பவர் அவர்களைப் பேசச் சொல்வார். அந்த நாலைந்து பேரில் ஒருவர் கம்பைலர் எழுதுகிறவராக இருந்து, 'இதை எங்களால் செய்து தர முடியாது' என்று சொன்னால், மற்ற கைகளின் எண்ணிக்கை அதிகம் உதவாது. இதையெல்லாம் கடந்து கடைசி நாளில் முழுக் குழுவின் வாக்கெடுப்பு. அதன் பிறகு வரைவு தேசிய அமைப்புகளுக்குப் போகும். அங்கே ஒரு நாட்டுக்கு ஒரு வாக்கு. அவர்கள் அனுப்பும் ஒவ்வொரு கருத்துக்கும் குழு பதில் சொல்லியாக வேண்டும்.

இவ்வளவு சல்லடை இருந்தும் தவறுகள் நுழைந்திருக்கின்றன. அவற்றில் பெரியது 'எக்ஸ்போர்ட்'. டெம்ப்ளேட் எனப்படும் பொது வார்ப்புகளின் அறிவிப்பை ஒரு கோப்பிலும் உடலை வேறு கோப்பிலும் வைத்துக்கொள்ள வழிசெய்வதாக 1998 தரத்தில் அது சேர்க்கப்பட்டது. நல்ல நோக்கம். ஆனால் சேர்த்த நேரத்தில் அதை முழுமையாகச் செயல்படுத்திக் காட்டிய கம்பைலர் ஒன்றுகூட இல்லை. தாளில் சரியாக இருந்தது, அவ்வளவுதான். பிறகு எடிசன் டிசைன் குரூப் என்ற சிறிய நிறுவனம் ஆண்டுக்கணக்கில் பாடுபட்டு அதைச் செய்து முடித்தது. செய்து பார்த்தபோதுதான் எதிர்பார்த்த பலன் பெரும்பாலும் கிடைக்கவில்லை என்பதும், மொழியின் மற்ற விதிகளோடு அது எங்கெங்கோ சிக்கிக்கொள்கிறது என்பதும் வெளிப்பட்டன. அந்த உழைப்பின் அனுபவத்தை முன்வைத்து ஹெர்ப் சட்டரும் டாம் பிளமும் 2003-இல் குழுவுக்கு ஓர் அறிக்கை எழுதினார்கள். இந்த அம்சத்தை வைத்துக்கொள்ள நம்மால் கட்டுப்படியாகாது என்பது அதன் சாரம். பெரிய கம்பைலர்கள் அதைக் கடைசிவரை தொடவே இல்லை. 2011 தரத்தில் அது நீக்கப்பட்டது. ஒரு தர ஆவணம் பதின்மூன்று ஆண்டு, ஏறக்குறைய யாரும் நிறைவேற்றாத ஒரு வாக்குறுதியைச் சுமந்துகொண்டிருந்தது.

எதிர்த்திசையில் ஒரு சான்று உண்டு. 1993 நவம்பரில் அலெக்சாண்டர் ஸ்டெபனோவ் சான் ஹோசே கூட்டத்தில் தன் பொது நூலகத்தை விளக்கினார். எஸ்டிஎல் என்று இன்று ஒவ்வொரு சி++ நிரலாளரும் அறிந்த நூலகம் அது. 1994 ஜூலையில், கனடாவின் வாட்டர்லூ கூட்டத்தில், அது ஏற்கப்பட்டது. எட்டு மாதம். கான்செப்டுக்கு ஆன காலத்தோடு ஒப்பிட்டால் நம்ப முடியாத வேகம். ஆனால் ஸ்டெபனோவ் கையில் ஓடுகிற நிரல் இருந்தது. அதற்குப் பின்னால் ஏடா, ஸ்கீம் போன்ற பிற மொழிகளிலும் அதே கருத்தை முயன்று பார்த்த பல ஆண்டு ஆராய்ச்சி இருந்தது. ஒப்புதல் கிடைத்த மறுமாதமே ஹியூலெட்-பேக்கார்ட் நிறுவனம் அதை இலவசமாக வெளியிட்டது. குழுவின் வேகத்தைத் தீர்மானிப்பது அதன் சோம்பலோ சுறுசுறுப்போ அல்ல, கொண்டுவரும் பொருள் எவ்வளவு பழகிய பொருள் என்பதுதான். அந்த அவசரத்திலும் ஒன்று விடுபட்டது. ஹாஷ் அட்டவணைகளுக்கு நேரமில்லை என்று தள்ளிவைத்தார்கள். 2011-இல் அவை வந்தபோது இயல்பான பெயர் கிடைக்கவில்லை. இடைப்பட்ட ஆண்டுகளில் ஒவ்வொரு கம்பைலரும் 'ஹாஷ் மேப்' என்ற பெயரில் தனித்தனியே ஒன்றைக் கொடுத்துவிட்டிருந்தது. ஆகவே தரத்தில் அது 'அன்ஆர்டர்டு மேப்' ஆனது.

கான்செப்ட் எதற்கு என்பதைப் புரிந்துகொள்ள டெம்ப்ளேட்டின் ஒரு குறையைக் கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும். டெம்ப்ளேட் என்பது எந்த வகைத் தரவுக்கும் பொருந்தும்படி எழுதப்பட்ட ஒரே நிரல். வரிசைப்படுத்தும் 'சார்ட்' ஒன்றை எழுதிவிட்டால் எண்களுக்கும் அதுவே, பெயர்களுக்கும் அதுவே. ஸ்ட்ரூஸ்ட்ரப் 1988-இல் டென்வரில் நடந்த மாநாட்டில் இதைப் பற்றிய கட்டுரையை வாசித்தார். அப்போது அவர் மூன்றை விரும்பினார். எதையும் சொல்லக்கூடிய முழுப் பொதுமை. கையால் எழுதிய நிரலுக்குச் சற்றும் குறையாத வேகம். இந்த டெம்ப்ளேட் தனக்கு என்ன வேண்டும் என்று வாசலிலேயே தெளிவாகச் சொல்லும் இடைமுகம். முதல் இரண்டையும் அடைந்தார். மூன்றாவதற்குப் பல வழிகளை யோசித்துப் பார்த்தும், மற்ற இரண்டையும் கெடுக்காத ஒரு வழி அவருக்கு அன்று அகப்படவில்லை. டெம்ப்ளேட் அந்தக் குறையோடுதான் மொழிக்குள் வந்தது.

குறை எப்படி வெளிப்படும்? 'லிஸ்ட்' என்ற வகையில் ஒவ்வொரு உறுப்புக்கும் தன் முன்னவரையும் பின்னவரையும் மட்டுமே தெரியும். 'சார்ட்' வேலை செய்ய, ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடம் எவ்வளவு தூரம் என்று ஒரே கழித்தலில் கணக்கிட முடிய வேண்டும். லிஸ்ட்டில் அது முடியாது. புதிதாகப் பழகும் மாணவி ஒருத்தி லிஸ்ட்டின் தொடக்கத்தையும் முடிவையும் 'சார்ட்'டிடம் கொடுக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். கம்பைலர் வாசலில் அவளைத் தடுக்காது. நூலகத்தின் கோப்புகளுக்குள்ளே இறங்கி, அவள் கண்ணால் பார்த்திராத ஒரு வரியில், கழித்தல் குறி கிடைக்கவில்லை என்று நிற்கும். அதன் பிறகு, கிடைக்கக்கூடிய கழித்தல்களை எல்லாம் ஒவ்வொன்றாக முயன்று பார்த்ததையும் ஒவ்வொன்றும் ஏன் பொருந்தவில்லை என்பதையும் திரை திரையாக அச்சிடும். 'லிஸ்ட்டை இப்படி வரிசைப்படுத்த முடியாது' என்ற ஒரு வாக்கியம் மட்டும் அதில் எங்கும் இருக்காது. தவறு அவள் எழுதிய ஒரு வரியில். பழி விழுவது நூலகத்தின் உள்வயிற்றில். ஒரு தலைமுறை மாணவர்கள் சி++ என்றாலே அஞ்சியதற்கு இந்தச் செய்திகளும் ஒரு காரணம்.

டெம்ப்ளேட்டின் தேவைகளை 1998 தரம் அட்டவணைகளாகத் தந்திருந்தது. அவற்றை மனிதர்கள் படிக்கலாம், கம்பைலர் படிக்காது. அந்த அட்டவணைகளை மொழிக்குள்ளேயே கொண்டுவந்து, கம்பைலரே சரிபார்க்கும்படி செய்வதுதான் கான்செப்ட்.

2003-இலிருந்து இரண்டு அணிகள் இதில் இறங்கின. டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தில் ஸ்ட்ரூஸ்ட்ரப்பும் கேப்ரியல் டோஸ் ரெய்ஸும். இந்தியானா பல்கலைக்கழகத்தில் டக் கிரெகோர், ஜெரமி சீக், ஆண்ட்ரூ லம்ஸ்டைன் ஆகியோர். 2006-இல் இரு அணியும் சேர்ந்தே ஒரு கட்டுரை வெளியிட்டன. ஆனால் அடியில் ஒரு பிளவு ஆறவே இல்லை. ஒரு வகை ஒரு கான்செப்டின் தேவைகளை நிறைவேற்றுகிறது என்று யார் சொல்வது? அதை எழுதியவர் வெளிப்படையாக அறிவிக்க வேண்டுமா, தேவையான செயல்கள் இருக்கின்றனவா என்று கம்பைலரே பார்த்துக்கொண்டால் போதுமா?

அறிவிப்பு வேண்டும் என்பவர்களின் வாதத்தை எளிதில் தள்ளிவிட முடியாது. இரண்டு வகைகளுக்குச் செயல்கள் ஒன்றாகவே இருந்தும் பொருள் வேறாக இருக்கலாம். ஒரு கோப்பில் ஏற்கெனவே இருக்கும் எண்களை முன்னோக்கிப் படிக்கும் சுட்டியையும், வலைப்பின்னலில் வந்துகொண்டிருக்கும் தரவைப் படிக்கும் சுட்டியையும் எடுத்துக்கொள்ளலாம். 'அடுத்தது', 'படி' என்ற அதே இரண்டு செயல்கள். முதலாவதில் திரும்பி வந்து இன்னொரு முறை படிக்கலாம். இரண்டாவதில் படித்தது போயே போய்விட்டது. கம்பைலர் செயல்களின் பெயரை மட்டும் பார்த்தால் இரண்டையும் ஒன்றென்று நினைத்து ஏமாறும். மாற்று அணியின் வாதமும் வலுவானது. உலகில் ஏற்கெனவே எண்ணற்ற வகைகள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் அறிவிப்பு எழுதியாக வேண்டும் என்றால், ஒருவர் எழுதிய வகையை இன்னொருவர் எழுதிய நூலகத்தில் பயன்படுத்தும் மூன்றாமவர்தான் அந்தச் சுமையைத் தூக்க நேரும். ஸ்ட்ரூஸ்ட்ரப் 2009 ஜூனில், ஃபிராங்க்ஃபர்ட் கூட்டத்துக்குச் சில வாரம் முன், இதைத்தான் எழுதிக் கொடுத்தார். வரைவில் இருக்கும் வடிவம் சாதாரண நிரலாளருக்குத் தாங்காது, எளிமையாக்க வேண்டும் என்றார்.

சோதனைக்காக கிரெகோர் எழுதிய கான்செப்ட்ஜிசிசி ஒன்றே அப்போது கையில் இருந்த செயலாக்கம். அது மிக மெதுவாக ஓடியது. அதில் பெரிய நிரல் எதையும் எழுதி வாழ்ந்து பார்த்த அனுபவம் யாருக்கும் இல்லை. மொழியைப் படைத்தவரே வடிவமைப்பில் ஐயம் எழுப்பியிருக்கிறார். எக்ஸ்போர்ட்டின் கசப்பு இன்னும் நாவில் இருக்கிறது. மாற்றவேண்டியவற்றின் அளவோ இன்னும் சில ஆண்டு கேட்கிறது. மறுபுறம், 2000-களுக்குள் வந்துவிடும் என்று நம்பிய தரம் ஏற்கெனவே தாமதம். இந்த நிலையில்தான் குழு கையைத் தூக்கியது.

எனக்கு இதில் முக்கியமாகப் படுவது ஒன்று. அந்த வடிவம் தப்பு என்று அன்று யாரும் நிரூபிக்கவில்லை. வெளிப்படையான அறிவிப்பு என்ற வழி மற்ற மொழிகளில் நன்றாகவே வாழ்கிறது. ரஸ்ட் மொழியின் 'டிரெய்ட்'டும் ஸ்விஃப்ட் மொழியின் 'புரோட்டகால்'லும் அந்த வழியில் வந்தவை. கிரெகோரே பின்னர் ஆப்பிளில் ஸ்விஃப்ட் உருவாக்கத்தில் பங்கேற்றார். அந்த மொழிகளுக்கு முதல் நாளிலிருந்தே அந்த விதி இருந்தது. திரும்பிப் பார்க்க வேண்டிய பழைய நிரல் அவற்றுக்கு இல்லை. சி++ நிலைமை வேறு. வலை உலாவிகள், தரவுத்தளங்கள், ஜாவாவை ஓட்டும் மெய்நிகர் இயந்திரம் என்று அதில் எழுதப்பட்டவை ஏராளம். அவற்றை எழுதியவர்களில் மிகப் பெரும்பாலோர் எந்தக் கூட்டத்துக்கும் வரப்போவதில்லை. ஒரு வாரம் விடுப்பும் விமானச் செலவும் தரக்கூடிய நிறுவனம் பின்னால் இல்லாமல் இந்தக் குழுவில் தொடர்ந்து உட்கார முடியாது. அறையில் இல்லாதவர்களின் குரலாக அங்கே இருப்பது அவர்கள் எழுதிய பழைய நிரல் ஒன்றுதான். அதை உடைக்கக்கூடாது என்ற பிடிவாதம், அவர்களுக்குக் குழு கொடுக்கும் ஒரே பிரதிநிதித்துவம் என்று நான் கருதுகிறேன்.

அந்தப் பிடிவாதம் எவ்வளவு தூரம் போகும் என்பதற்குச் சின்ன உதாரணம். ஒரு செயற்கூற்றை நடுவில் நிறுத்தி, ஒரு மதிப்பைத் தந்துவிட்டு, பிறகு விட்ட இடத்திலிருந்து தொடரும் 'கோரூட்டின்' வசதி 2020 தரத்தில் வந்தது. பிற மொழிகளில் இதற்கு வழங்கும் சொல் 'யீல்ட்'. சி++ அதைத் தொட முடியவில்லை. நிதித்துறை நிரல்களில் கடன்பத்திரத்தின் வருவாய்க்கு அதுதான் பெயர். வேளாண் கணக்குகளில் விளைச்சலுக்கும் அதுதான். அந்தச் சொல்லை மொழி தனக்கென்று எடுத்துக்கொண்டால் அந்த நிரல்கள் எல்லாம் ஒரே நாளில் கம்பைல் ஆகாமல் போகும். ஆகவே 'கோ' என்ற முன்னொட்டோடு ஓர் அடிக்கோடும் சேர்த்து, யாரும் வைத்திருக்க வாய்ப்பில்லாத பெயரைத் தேடிக்கொண்டார்கள். கண்ணுக்கு அழகாக இல்லைதான்.

நீக்குவது இதைவிடக் கடினம். பழைய ஐரோப்பிய விசைப்பலகைகள் சிலவற்றில் அடைப்புக்குறிகளின் இடத்தை அந்தந்த நாட்டு எழுத்துகள் பிடித்திருந்தன. டேனிஷ் விசைப்பலகையில் நெளிவு அடைப்புக்குறிக்குப் பதில் அவர்களுடைய உயிரெழுத்து. இத்தகைய இடங்களுக்காக மூன்று குறிகளைச் சேர்த்து ஒரு குறியாகக் கொள்ளும் 'டிரைகிராஃப்' ஏற்பாடு சி மொழியிலிருந்து வந்திருந்தது. அந்த விசைப்பலகைகள் மறைந்து பல ஆண்டாகியும் நீக்கப் பேச்சு எழுந்தபோது ஐபிஎம் எதிர்த்தது. அவர்களுடைய பெருங்கணினிகளில் வேறு எழுத்துக் குறியீட்டு முறை. வாடிக்கையாளர்கள் அதை இன்னும் நம்பியிருந்தார்கள். 2017 தரத்தில் அது நீக்கப்பட்டது, அந்த எதிர்ப்பையும் மீறி.

2009-க்குப் பிறகு கான்செப்ட் மறுபடி உயிர்பெற்றது மொழியிலிருந்து அல்ல, நூலகத்திலிருந்து. 2011-இல் ஸ்டெபனோவும் ஸ்ட்ரூஸ்ட்ரப்பும் வேறு பலரும் கலிஃபோர்னியாவின் பாலோ ஆல்டோவில் கூடி, எஸ்டிஎல் நெறிமுறைகளை எடுத்து, இதற்கு உண்மையில் என்ன தேவை என்று எழுதிப் பார்த்தார்கள். எந்த இலக்கணத்தில் எழுதுவது என்பது இரண்டாம் கேள்வி ஆனது. இந்த வரிசை மாற்றம்தான் பிற்பாடு வந்த வெற்றிக்கு வித்து என்பது என் எண்ணம். 2013-இல் ஆண்ட்ரூ சட்டன் 'கான்செப்ட்ஸ் லைட்' என்ற மெலிந்த வடிவை முன்வைத்தார். அறிவிப்பு எதுவும் தேவையில்லை. தேவைகள் நிறைவேறுகின்றனவா என்று கம்பைலர் பார்த்துக்கொள்ளும். முன் சொன்ன இரண்டு சுட்டிகளைப் போலச் செயலால் பிரிக்க முடியாதவற்றுக்கு மட்டும் ஓர் அடையாளக் குறி. குழு இம்முறை அதை நேராகத் தரத்துக்குள் விடவில்லை. தொழில்நுட்ப விவரக்குறிப்பு என்ற தனி ஆவணமாக 2015-இல் வெளியிட்டது. தரத்தின் பக்கத்தில் ஒரு சோதனைப் பாதை அது. அதில் வைத்த எதையும் பின்னால் மாற்றலாம், எடுத்துவிடலாம், யாருக்கும் வாக்குக் கொடுத்ததாகாது.

2016 மார்ச்சில் ஃபுளோரிடாவின் ஜாக்சன்வில் கூட்டத்தில், இதை 2017 தரத்தில் சேர்க்கலாமா என்ற கேள்வி வந்தது. வேண்டாம் என்று முடிவாயிற்று. செயலாக்கம் ஒன்றுதான் இருக்கிறது, அதையும் முன்மொழிந்தவரே எழுதியிருக்கிறார், பெரிய அளவில் பயன்படுத்திய அனுபவம் போதவில்லை என்றார்கள். 2009 முடிவை ஆதரிக்கும் எனக்கு இந்த முடிவில் அதே உறுதி இல்லை. அடுத்த மாதமே கான்செப்டோடு ஜிசிசியின் ஆறாம் பதிப்பு வெளிவந்தது. மையக் கருத்தில் பெரிய சர்ச்சை இல்லாதபோது அதை மட்டுமாவது ஏற்றிருக்கலாம். மூன்று ஆண்டுக்கு ஒரு தரம் என்று ரயில் புறப்படும் ஏற்பாட்டில் ஒரு ரயிலைத் தவறவிட்டால் மூன்று ஆண்டு போய்விடுகிறது. அந்த மூன்று ஆண்டும் அந்த மாணவி அதே பிழைச்செய்தியைத்தான் படித்துக்கொண்டிருந்தாள்.

இழுபறியின் மையம் சுருக்க எழுத்து. ஒரு செயற்கூற்றின் அளபுருவில் சாதாரண வகையின் பெயர் நிற்கும் இடத்தில் கான்செப்டின் பெயரையே எழுதிவிடலாம், அது தானாக டெம்ப்ளேட் ஆகிவிடும் என்றது ஸ்ட்ரூஸ்ட்ரப் தரப்பு. படிப்பவருக்கு இது டெம்ப்ளேட்டா இல்லையா என்று கண்ணால் தெரிய வேண்டும் என்றது எதிர்த்தரப்பு. 2017 ஜூலையில், டொராண்டோவில், சுருக்க எழுத்தை விட்டுவிட்டு மீதியை 2020 வரைவில் சேர்த்தார்கள். 2018 நவம்பரில், சான் டியாகோவில், சமரசம் கிடைத்தது. கான்செப்டின் பெயருக்குப் பின் 'ஆட்டோ' என்ற சொல் வரவேண்டும். அந்த ஒரு சொல் இருந்தால் டெம்ப்ளேட்.

'ஆட்டோ' என்ற அந்தச் சொல்லுக்கே ஒரு காத்திருப்பு உண்டு. மாறியின் வகையைக் கம்பைலரே ஊகித்துக்கொள்ளும்படி ஸ்ட்ரூஸ்ட்ரப் 1983-84 குளிர்காலத்திலேயே அதைச் செய்துவிட்டார். சி மொழியோடு ஒத்துப்போகவில்லை என்பதால் எடுக்க வேண்டியதாயிற்று. சி மொழியில் அந்தச் சொல்லுக்கு வேறு பொருள் இருந்தது. பெரிய நிரல் தொகுப்புகளைத் துழாவிப் பார்த்து, பழைய பொருளில் அதை ஏறக்குறைய யாருமே எழுதுவதில்லை என்று உறுதி செய்துகொண்ட பிறகுதான் 2011-இல் அது திரும்ப வந்தது.

2020 தரத்தின் தொழில்நுட்ப வேலை பிப்ரவரியில் பிராக் நகரில் முடிந்தது. அதனோடு கான்செப்டின் மேல் கட்டப்பட்ட 'ரேஞ்சஸ்' நூலகமும் வந்தது. எரிக் நீப்ளர் பல ஆண்டு வளர்த்த வேலை. இப்போது 'ரேஞ்சஸ்' பகுதியிலுள்ள 'சார்ட்'டிடம் லிஸ்ட்டைக் கொடுத்தால், எந்த இடத்துக்கும் நேராகத் தாவும் திறன் இந்தச் சுட்டிக்கு இல்லை என்று வாசலிலேயே கம்பைலர் சொல்கிறது. ஆனால் பழைய 'சார்ட்' பழையபடியே இருக்கிறது. அதன்மேல் கான்செப்டை வைத்தால், இத்தனை காலம் அரைகுறையாகப் பொருந்தி ஓடிக்கொண்டிருந்த யாருடைய நிரலாவது நின்றுவிடலாம். எனவே இரண்டும் அருகருகே. பழைய பெயரைக் கூப்பிட்டால் இன்றும் அதே நூலகத்தின் உள்வயிற்றிலிருந்துதான் பதில் வருகிறது.

எடுத்துவிடும் துணிவு 2009-ஓடு நிற்கவில்லை. செயற்கூறு ஒன்று தன் முன்நிபந்தனைகளையும் பின்நிபந்தனைகளையும் நிரலிலேயே எழுதிவைக்கும் 'கான்ட்ராக்ட்ஸ்' 2018 ஜூனில், சுவிட்சர்லாந்தின் ரேப்பர்ஸ்வில்லில், வரைவில் சேர்ந்தது. 2019 ஜூலையில், ஜெர்மனியின் கொலோன் நகரில், எடுக்கப்பட்டது. தனி ஆய்வுக் குழு அமைத்து மறுபடி முதலிலிருந்து பேசி, 2025 பிப்ரவரியில் ஆஸ்திரியாவின் ஹாகன்பெர்க்கில் அடுத்த தரத்துக்கான வரைவில் சேர்த்தார்கள். இப்போதும் எல்லோரும் ஒப்பவில்லை. எதிர்த்தவர்களில் ஸ்ட்ரூஸ்ட்ரப்பும் ஒருவர். 1628-இல் முதல் பயணத்திலேயே ஸ்டாக்ஹோம் துறைமுகத்தில் கவிழ்ந்த வாசா கப்பலை நினைவுகூரச் சொல்லி அவர் 2018-இல் குழுவுக்கு ஓர் அறிக்கை அனுப்பியிருந்தார். தனித்தனியே பார்த்தால் ஒவ்வொரு முன்மொழிவும் நல்லதாகவே தெரியும், எல்லாவற்றையும் ஏற்றினால் மொழி தாங்காது என்று கவலைப்பட்டார்.

கான்செப்டின் வழக்கிலும் ஒரு பாதி இன்னும் தீரவில்லை. 2020-இல் வந்த வடிவம் டெம்ப்ளேட்டைக் கூப்பிடுபவரை மட்டும் சரிபார்க்கிறது. டெம்ப்ளேட்டை எழுதியவர், வாசலில் கேட்டதைவிட அதிகமாக உள்ளே எதையாவது பயன்படுத்திவிட்டால், அதை முன்கூட்டியே கண்டுபிடிக்காது. 2009-இல் நீக்கப்பட்ட வடிவம் அதையும் செய்தது. புதிய வடிவில் அதைத் தெரிந்தே விட்டுவிட்டார்கள். உடலையும் கறாராகச் சரிபார்த்தால், ஒரு நெறிமுறைக்குள் பிழை தேடுவதற்காக ஒரு மதிப்பை அச்சிடும் வரி சேர்த்தாலும், 'அச்சிடத்தக்கது' என்று வாசலிலும் எழுத வேண்டிவரும். அதன் விளைவாக அந்த நெறிமுறையைக் கூப்பிடும் எல்லா நிரலும் பாதிக்கப்படும். பழைய டெம்ப்ளேட்டுகளைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கான்செப்டுக்கு மாற்றவும் முடியாமல் போகும். இது நல்ல காரணம்தான். ஆயினும் 1988-இல் விரும்பிய மூன்றில் மூன்றாவது, இடைமுகத்தின் ஒரு பக்கத்துக்கு மட்டுமே கிடைத்திருக்கிறது. மறுபக்கத்துக்கான முன்மொழிவை யாராவது எழுதி, ஓடுகிற கம்பைலரோடு ஒரு கூட்டத்துக்கு வந்து நிற்க வேண்டும்.